டென்னசி பிராமிஸ்: கட்டணம் இலவசம்தான், தேதிகள்தான் கவனம்

ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது: "நாஷ்வில்லுக்குத் தெற்கே இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. கணவர் கேஸ் ஸ்டேஷன் ஒன்றில் மேனேஜர். மகன் இந்த வருடம் 12-ஆம் வகுப்பு. 'டென்னசி பிராமிஸுக்கு விண்ணப்பம் போடுங்கள், கம்யூனிட்டி காலேஜ் இலவசம்' என்று பள்ளி கவுன்சிலர் சொல்கிறார். சொந்தக்காரர்களோ, அது படிப்பு ஏறாத பிள்ளைகள் போகிற இடம் என்கிறார்கள். உண்மையிலேயே இலவசமா? பின்னால் எங்கேயாவது மாட்டிக்கொள்வோமா?"

இலவசம்தான். டென்னசி பிராமிஸ் என்பது மாநில அரசின் கல்வி உதவித்தொகை. இது கடன் இல்லை, படித்து முடித்தபின் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சேர்வதற்கு இத்தனை மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, குடும்ப வருமானத்துக்கு வரம்பும் கிடையாது. டென்னசியில் வசிக்கிற, இங்கேயே ஹைஸ்கூல் முடிக்கிற பிள்ளைக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் போதும். மாநிலத்தில் இருக்கிற, இரண்டு வருடப் படிப்பு தரும் 13 கம்யூனிட்டி காலேஜ்களில் எதில் சேர்ந்தாலும் படிப்புக் கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும் ஐந்து செமஸ்டர் வரைக்கும் இல்லை. 'டீகேட்' என்று இங்கே எல்லோரும் சொல்கிற தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கும் இந்தப் பணம் செல்லும்.

நான் சில வருடங்களாக இந்தத் திட்டத்தில் வாலண்டியர் மென்ட்டராக இருக்கிறேன். வருடத்துக்கு ஐந்தாறு பிள்ளைகளை என்னிடம் ஒப்படைப்பார்கள். இந்தச் சலுகை கைநழுவிப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே இழந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு தேதியைத் தவறவிட்டவர்கள்தான். படிப்பு வராமல் இழந்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் கீழே தேதிகளைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் இந்தப் பணம் எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கல்லூரியிலிருந்து முதல் பில் வரும்போது குழம்பிப்போவீர்கள். மற்ற உதவிகள் எல்லாம் கழிந்தபின் கட்டணத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதை மட்டும்தான் பிராமிஸ் கட்டும். ஒரு வருடக் கட்டணம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மத்திய அரசு தருகிற பெல் கிராண்ட் முழுத்தொகையாகக் கிடைத்தால், 2024-25 கணக்குப்படி அது 7,395 டாலர். கட்டணத்துக்குப் போக 2,395 டாலர் மிஞ்சும். அந்த மிச்சம் மாணவர் கைக்கே வரும். புத்தகம் வாங்கலாம், பெட்ரோல் போடலாம். இந்தக் குடும்பத்துக்கு பிராமிஸ் நிதியிலிருந்து ஒரு டாலர்கூடப் போகாது. வருமானம் கொஞ்சம் அதிகமாகி, பெல் கிராண்ட் கிடைக்காமல் போகிற குடும்பத்துக்குத்தான் பிராமிஸ் பெரிய தொகையாக வந்து சேரும். நல்ல மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிற மாநிலத்தின் ஹோப் ஸ்காலர்ஷிப் பணமும் இதே மாதிரி முதலில் கழிக்கப்படும். உங்கள் மகனின் கணக்கில் 'டென்னசி பிராமிஸ்: 0' என்று காட்டினால் பயப்படாதீர்கள். கட்டணம் வேறு வழியில் கட்டியாகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனாலும் அவன் பிராமிஸ் பட்டியலில் தொடர்ந்து இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வருடம் உங்கள் வருமானம் ஏறினால் பெல் குறையும், அப்போது பிராமிஸ் கை கொடுக்கும்.

ஏழைகளுக்கு நேரடியாக எதுவும் தராத திட்டம் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமானது, நானும் அதை மறுக்க மாட்டேன். மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில் 2005 நவம்பரில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். பெயர் சொல்ல விரும்பாத கொடையாளர்கள் கொடுத்த பணம் அது. அந்த ஊர்ப் பொதுப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு மற்ற உதவிகளைக் கழிக்காமல், முதல் டாலரிலிருந்தே கட்டணம் கட்டினார்கள். அப்படிச் செய்தால் பெல் பணம் முழுசும் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மிஞ்சும். டென்னசி அந்த வழியில் போகவில்லை. ஒரு ஊருக்குக் கொடையாளர்கள் கட்டலாம், ஒரு மாநிலத்துக்கே கட்ட வேண்டுமென்றால் செலவு எங்கேயோ போய்விடும்.

டென்னசி செய்தது வேறு. அந்த 'பெல்' பணம் அதற்கு முன்பும் இருந்தது. அதை வைத்து இலவசமாகவே படித்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விண்ணப்பமே போடவில்லை, தங்களுக்குக் கல்லூரி எட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2008-இல் நாக்ஸ் கவுண்டியில் 'நாக்ஸ் அச்சீவ்ஸ்' என்று ஒரு சின்ன முயற்சி தொடங்கியது. உள்ளூர்ப் பிள்ளைகளிடம் போய் "உனக்குக் கல்லூரிக் கட்டணம் கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லி, கூடவே ஒரு மென்ட்டரையும் கொடுத்தார்கள். அந்தச் சமயம் நாக்ஸ்வில் மேயராக இருந்த பில் ஹாஸ்லம் பின்னால் ஆளுநரானார். 2014-இல் அதையே மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கினார். லாட்டரி வருமானத்தில் சேர்ந்திருந்த இருப்பை ஒரு நிரந்தர நிதியாக ஒதுக்கினார்கள். 2015-இல் பள்ளி முடித்தவர்கள் முதல் அணி. அந்த வருடம் சுமார் 58,000 பேர் விண்ணப்பித்து, 16,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கம்யூனிட்டி காலேஜ்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு கூடியது. ஒபாமா இதைப் பார்த்துவிட்டு 2015 ஜனவரியில் நாக்ஸ்வில்லில் உள்ள பெல்லிசிப்பி ஸ்டேட் கல்லூரிக்கே வந்து, நாடு முழுவதும் இப்படிச் செய்ய வேண்டும் என்று பேசினார். அது மத்திய சட்டமாகவில்லை. ஆகவே இன்றுவரை இது மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் ஊருக்கு ஊர் வேறுபடுகிற விஷயம்.

58,000 எங்கே, 16,000 எங்கே? நிறையப் பேர் விண்ணப்பத்தைப் போட்டுவைத்துவிட்டு நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் கணிசமான பேர் நடுவில் உதிர்கிறார்கள். எங்கே உதிர்கிறார்கள் என்று சொல்கிறேன்.

முதல் தேதி நவம்பர் 1. 12-ஆம் வகுப்புப் படிக்கிற வருடத்தின் நவம்பர் 1. ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் கிடையாது, பத்துப் பதினைந்து நிமிட வேலை. உங்கள் மகன் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறான் என்றாலும் இதைப் போட்டுவையுங்கள், எதற்கும் கட்டுப்படுத்தாது. இதைத் தவறவிட்டால் அந்த வருடத்துக்குக் கதவு மூடிவிடும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் முடியாது, ஏனென்றால் பள்ளி முடித்த அதே வருடம் இலையுதிர் பருவத்துக்குள் சேர்ந்தாக வேண்டும்.

இரண்டாவது, 'ஃபாஃப்சா' என்கிற மத்திய நிதி உதவிப் படிவம். வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். பிராமிஸுக்கு அதன் கடைசித் தேதி வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது, அதனால் நான் இங்கே தேதி எழுதவில்லை. கவுன்சிலரிடம் இந்த வருடத் தேதியைக் கேட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். மகனுக்கு ஒரு ஆன்லைன் கணக்கு, பெற்றோரில் ஒருவருக்கு ஒரு கணக்கு தனித்தனியாகத் தொடங்க வேண்டும். நீங்களும் கணவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்பவர்கள் என்றால் ஒருவர் போதும். வரி விவரத்தை மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து நேராக எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும். சம்மதம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மத்திய உதவி எதுவும் கிடைக்காது.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அது பெயர். என்னிடம் இருந்த ஒரு தமிழ்ப் பையனின் படிவம் மூன்று முறை திரும்பி வந்தது. அவனுடைய அம்மா பேச்சு வழக்கில் "சரியாத்தான் போட்டோம்" என்று அழாத குறை. ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லாக் காகிதங்களையும் பரப்பினோம். ஊரில் அவன் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அரசு தருகிற அடையாள எண் இருக்கிற சோஷியல் செக்யூரிட்டி கார்டில் அப்பா பெயர்தான் முதல் பெயர், அவன் பெயர் குடும்பப் பெயர். பள்ளியிலோ யாரோ நல்ல எண்ணத்தில் அதை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஃபாஃப்சாவில் பள்ளிப் பெயரைப் போட்டிருந்தான். பெயர், பிறந்த தேதி, எண் மூன்றையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் அந்தக் கணக்கை உறுதி செய்வார்கள். பொருந்தவில்லை, அவ்வளவுதான். கண்டுபிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. பெயரை மாற்றிப்போட்டதும் சரியானது, தேதிக்கு நான்கு நாள் மிச்சம் இருந்தது. ஆகவே மகனுடைய சோஷியல் செக்யூரிட்டி கார்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் எழுத்து மாறாமல் எப்படி இருக்கிறதோ, அப்படியே படிவத்தில் போடுங்கள். கல்லூரி விண்ணப்பத்திலும் அதையே.

படிவம் போனபின் சிலரை 'வெரிஃபிகேஷன்' என்று தேர்ந்தெடுத்து, வரிக் காகிதங்களும் குடும்ப விவரமும் கேட்பார்கள். இது குற்றம் சாட்டுவது இல்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. "எதுக்கு நம்மளைக் கேக்கறாங்க" என்று கவலைப்படலாம். சும்மா இருந்துவிடாதீர்கள். பயந்து பதில் போடாமல் விட்ட குடும்பங்களில் பிள்ளைதான் நஷ்டப்பட்டது.

அப்புறம் ஒரு கட்டாயக் கூட்டம், மென்ட்டரோடு தொடர்பு, கூடவே சமூக சேவை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் எட்டு மணி நேரம். முதல் எட்டு மணி நேரம் கல்லூரி தொடங்குவதற்கு முன்பே, கோடையிலேயே முடிய வேண்டும். உழைத்தால் மட்டும் போதாது, மணிக்கணக்கை ஆன்லைனில் பதிவும் செய்ய வேண்டும். ஃபுட் பேங்க்கில் அடுக்குவது, நூலகத்தில் உதவுவது, பூங்கா சுத்தம் செய்வது எல்லாம் சேரும். சம்பளம் வாங்கிச் செய்வதும், அப்பாவின் வேலையிடத்தில் கல்லாவில் நின்றதும் சேராது. எட்டு மணி நேரம் என்பது ஒரு சனிக்கிழமை. பள்ளி முடிந்த வாரத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். பட்டமளிப்பு, ஊர்ப் பயணம், கல்யாணம் என்று கோடை கரைந்துவிடும்.

கல்லூரிக்குள் போனபின் விதிகள் மூன்று: முழுநேரம் படிக்க வேண்டும், அதாவது செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று இருக்கும் அளவு). மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 2.0-க்குக் கீழே போகக் கூடாது. நடுவில் செமஸ்டர் விடுபடக் கூடாது. உடல்நிலை, குடும்பத்தில் மரணம் போன்ற காரணம் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு விடுப்பு வாங்கலாம்.

இந்த 12-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அசோசியேட் என்கிற இரண்டு வருடப் பட்டத்துக்குப் பொதுவாக 60 கிரெடிட் வேண்டும். செமஸ்டருக்கு 12 என்று ஐந்து செமஸ்டர் படித்தால் சரியாக 60. ஒரு பாடம் தவறினால்கூட இலவசக் காலத்துக்குள் முடியாது. அதைவிட மோசம் இன்னொன்று. 12 மட்டும் எடுத்த ஒரு பெண் கெமிஸ்ட்ரி கஷ்டமாக இருக்கிறதென்று நடுவில் விட்டாள். நாலு கிரெடிட் பாடம். 12 எட்டாகிவிட்டது, முழுநேர மாணவி இல்லை, பிராமிஸ் போயிற்று. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் அவளிடம் கேட்கத் தாமதித்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. அதன்பின் என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதல் நாளே சொல்கிறேன்: 15 எடு. சிரமமானால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை விட்டாலும் 12 நிற்கும். எந்தப் பாடத்தையும் விடுவதற்கு முன்னால் நிதி உதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டனை அழுத்தாதே.

சரி, கட்டணம் இல்லை. செலவே இல்லையா என்றால், இருக்கிறது. புத்தகமும் டீகேட் படிப்புகளுக்கான கருவிகளும் பிராமிஸில் வராது. கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலும் ஹாஸ்டல் இல்லை, வீட்டிலிருந்து போய்வர வேண்டும். டென்னசியில் அதற்குக் கார் வேண்டும். பழைய கார், பதினெட்டு வயதுப் பையனுக்கு இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் உங்கள் உண்மையான கல்லூரிச் செலவு அதுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரே காரில் போகிற மாதிரி வகுப்பு நேரங்களைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று பாருங்கள். எதிர்பாராத நெருக்கடி வந்தால் கல்லூரியில் அவசர உதவிப் பணம் உண்டா என்று கேளுங்கள். வாயைத் திறந்து கேட்டவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: "சும்மாதானே இருக்கே, நைட் ஷிஃப்ட்டைப் பாத்துக்கோ" என்று கடையில் நிறுத்திவிடாதீர்கள். இலவசம் என்பதாலேயே படிப்பு இரண்டாம்பட்சமாகிப் போவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்த பிள்ளைகள் சமாளித்தார்கள், நாற்பது மணி நேரம் வேலை பார்த்தவர்கள் இரண்டாவது செமஸ்டரைத் தாண்டவில்லை.

இனி, சொந்தக்காரர்கள் சொல்வதற்கு வருவோம். கம்யூனிட்டி காலேஜை நம் ஊர் ஆட்கள் டுட்டோரியல் காலேஜ் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடம்தான் இங்கே நடக்கிறது, அதே கால்குலஸ், அதே ஆங்கிலக் கட்டுரை. வகுப்பில் இருபது முப்பது பேர், ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். 'டென்னசி டிரான்ஸ்ஃபர் பாத்வே' என்று துறைவாரியாகப் பாடப் பட்டியல்கள் இருக்கின்றன. அதன்படி படித்து அசோசியேட் பட்டம் முடித்தால், மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடங்கள் அப்படியே ஏற்கப்பட்டு, மூன்றாம் வருடத்தில் சேரலாம். கடைசியில் கையில் வருவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

ஆனால் பெயரைப் பார்த்துச் சேருங்கள். அசோசியேட் ஆஃப் சயின்ஸ், அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ் இரண்டும் மேலே படிக்கப் போகிறவர்களுக்கு. 'அப்ளைடு சயின்ஸ்' என்று இருந்தால் அது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கான பட்டம், பல்கலைக்கழகம் அந்தப் பாடங்களில் பலவற்றை ஏற்காது. முதல் நாளே ஆலோசகரிடம் "இரண்டு வருடத்துக்குப்பின் இந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு" என்று மகன் தெளிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜினீயரிங் ஆசை இருந்தால் கணக்கை முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் மற்ற எல்லாப் பாடமும் தள்ளிப்போகும். கணக்கில் பலவீனமாக இருந்தாலும் பயம் வேண்டாம். 2015-இலிருந்து இங்கே அடிப்படைப் பாடத்தைத் தனியாகப் படிக்கவைத்துக் காலத்தை வீணாக்குவதில்லை, கல்லூரிப் பாடத்தோடு கூடவே துணை வகுப்பு நடத்துகிறார்கள்.

கைவேலையில் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால் டீகேட்டை மட்டமாக நினைக்காதீர்கள். வெல்டிங், ஏசி ரிப்பேர், தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பு, நர்ஸிங் என்று ஓரிரு வருடத்தில் முடிகிற படிப்புகள். உங்கள் பக்கம் ஸ்மிர்னாவில் நிசான் தொழிற்சாலையே இருக்கிறது. சில படிப்புகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், ஆகவே பிராமிஸ் விண்ணப்பத்தோடு கல்லூரி விண்ணப்பத்தையும் சீக்கிரம் போட வேண்டும்.

இதைப் படிக்கிற எச்-4 விசாப் பிள்ளைகளின் (எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள்) பெற்றோருக்குக் கஷ்டமான செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்-4-இல் இருக்கிற பிள்ளைக்கு டென்னசி பிராமிஸ் இல்லை, மத்திய உதவியும் இல்லை. இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும் இல்லை. அப்பா இத்தனை வருடம் வரி கட்டியிருக்கிறாரே என்று நியாயம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, எனக்கும் அது அநியாயமாகத்தான் படுகிறது. அகதியாக ஏற்கப்பட்டவர்கள், தஞ்சம் வழங்கப்பட்டவர்கள் தகுதி உள்ளவர்கள். இலங்கையிலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் கிரீன் கார்டுக்குக் காத்திருக்காமல் விண்ணப்பிக்கலாம். தஞ்ச மனு இன்னும் நிலுவையில் இருக்கிறதென்றால் முடியாது.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதே விதிகளை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். நியூ ஜெர்சியில் வருமான வரம்பு உண்டு. ரோட் ஐலண்டில் பிராமிஸ் 2017-இல் வந்தது, வருமான வரம்பு இல்லை, ஒரே கம்யூனிட்டி காலேஜ். சிகாகோவில் நகரப் பொதுப் பள்ளியில் 3.0 ஜி.பி.ஏ.யோடு முடித்தால் 'ஸ்டார் ஸ்காலர்ஷிப்', இதில் குடியுரிமை நிலை பார்ப்பதில்லை. ஒக்லஹோமாவில் டல்சா கவுண்டிப் பிள்ளைகளுக்கு 2007-இலிருந்து தனித் திட்டம். சான் பிரான்சிஸ்கோவில் நகரவாசிகள் எந்த வயதினரும் சிட்டி காலேஜில் கட்டணமின்றிப் படிக்கலாம். 2016-இல் மக்கள் வாக்களித்து, விலை உயர்ந்த சொத்துகள் கைமாறும்போது விதிக்கிற வரியைக் கூட்டியதில் பிறந்த யோசனை அது. கலிஃபோர்னியாவில் பொதுவாகவே கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர்தான், எச்-4 பிள்ளைகள்கூட ஒரு வருடத்துக்கு மேல் அங்கே குடியிருப்பதற்குச் சான்று காட்டி அந்தக் கட்டணத்தில் சேர முடிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிரீன் கார்டு இருக்கிறது, இந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள், மகன் இங்கே பள்ளி முடிக்கிறான். தகுதியில் எந்தச் சந்தேகமும் இல்லை. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சோஷியல் செக்யூரிட்டி கார்டைப் பார்த்துப் பெயரை அடித்து, பிராமிஸ் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பள்ளி மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டாம், பள்ளி முடிந்ததும் அது நின்றுவிடும், கோடையில் வருகிற முக்கியமான தகவல் எல்லாம் அங்கே போய்த் தேங்கும். அவனுடைய சொந்த மின்னஞ்சலையும் தினமும் பார்க்கிற தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்ற மின்னஞ்சல் வந்ததும் அதை உங்கள் போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.